பயந்தவன் என் தம்பி

பொடியா, உன் சேதி வந்தபோது நான் மட்டாஞ்சேரி கிடங்கில் சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று என் பெயரைக் கேட்டார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சுக்குத் தூசியில் எல்லார் கண்ணும் முன்பே கலங்கித்தான் இருந்தது. யார் உனக்காக அழுதார்கள் என்று சொல்ல முடியாது.

அம்மா போனபின் நாலாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு உன்னை வளர்த்தேன். எறணாகுளம் போகிற போட்டில் நீ ஓரத்தில் உட்கார்ந்ததே இல்லை. மீசை முளைத்த பிறகும் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாய். அப்படிப்பட்ட நீ பட்டாளத்தில் சேர்ந்தாய், டாங்கு கமாண்டரும் ஆனாய். சண்டை தொடங்கியதும் போன் செய்தாய்.

"அக்கா, சிரிக்கக் கூடாது, கேட்டியா? டாங்கு மூடிய அடச்சா மூச்சு முட்டுது. தெறந்து தலைய நீட்டினா வயித்தக் கலக்குது. நான் எங்கதான் போறது?"

"நாசமாப் போறவனே, உள்ள கெட. மூச்சு முட்டினா ஒண்ணும் செத்துற மாட்டே."

சிரித்தாய். அதுதான் கடைசி.

தமிழன் என்பதால் 'பாண்டிப் பயல்' என்று சொல்லி உன்னைப் பந்து விளையாடச் சேர்க்காதவர்கள், நம் சுள்ளிக்கல் தெருமுக்கில் உன் படம் வைத்து 'நம்முடைய வீரமகன்' என்று எழுதியிருக்கிறார்களாம். எனக்கு மலையாளம் வாசிக்க வராது, பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். படத்தில் நீ நிஜத்தைவிட ஒரு முழம் உயரம்.

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு உன்னைப் பயமறியாத சிங்கம் என்றார்கள். என் முறை வந்தபோது, "என் தம்பி ரொம்பப் பயந்தவன்" என்று தொடங்கினேன். கவுன்சிலர் ஓடி வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, அதொன்னும் இங்க பறய வேண்டா. ஆளுக எந்து விசாரிக்கும்?"

ஆட்கள் என்ன நினைப்பார்களாம்! என் தம்பியை என்னிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு, வேறு எவனையோ என் கையில் கொடுத்தார்கள். அதனால்தான் தமிழ்ச் சங்க மலரில் இதை எழுதுகிறேன்.

உன் டாங்கில் பீரங்கி சுட்ட பையன் மதுரைப் பக்கம். கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"முன்னாடி ஒரே புழுதி, அக்கா. உள்ள இருந்தா வழியே தெரியல. அண்ணன்தான் தலைய வெளிய நீட்டி, 'எடது, எடது'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. அப்புறம் சத்தமே இல்ல. நானும் டிரைவரும் பொழச்சுட்டோம்."

அவனுக்குச் சோறு போட்டேன். அவன் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் மேடையில் சொல்ல விடமாட்டார்கள்.

எல்லாரும் உனக்கு வணக்கம் வைத்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் கும்பிடுகிறேன். போ, பொடியா. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவ்வளவு பயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்தத் தலையை ஒரு சாண் உள்ளே இழுக்க உனக்கு ஏனடா மனசு வரவில்லை?