பினாங்கில் ஏமாந்ததைப் பினாங்கிலேயே போய்க் கேட்டேன்

ஆடித்தபசு முடிந்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஏறினேன். வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர் கணேசன், தெரிந்த முகம் எதுவும் நிற்கிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் கேட்டா திருச்சியில தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லு," என்றார்.

"மலேசியாவுக்குப் போறேன். அதைத்தான் சொல்லுவேன்," என்றேன்.

ஐம்பத்தோரு வயதில் நான் தனியாக ஊரைத் தாண்டிப் போவது அதுவே முதல் முறை. எட்டுத் தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்து விற்கிறவள் நான். எனக்குப் பினாங்கில் என்ன வேலை என்று கேட்டால், அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்காக ராஜபாளையத்திலிருந்து ஒரு குழுவோடு மலேசியா சுற்றுலா போனோம். பினாங்கில் ஒரு பெரிய கடைவளாகத்தில் ஒரு பெண் சுரண்டும் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். சுரண்டினால் பரிசு. பரிசு வாங்க வேண்டுமென்றால் ஓர் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் பேச்சுக் கேட்க வேண்டும். அங்கே பிரகாஷ் என்ற தமிழ்ப் பையன், "அக்கா, அண்ணன்" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டு ஜூஸ் கொடுத்தான். கடற்கரை விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருடத்துக்கு அறை நமக்குச் சொந்தம். நாம் போகாவிட்டால் வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தை நமக்கே அனுப்புவார்கள் என்றான். ஒன்றரை மணி நேரம் நான்கு மணி நேரமானது. எங்கள் வேன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போனால் போதும் என்ற நிலையில் கையெழுத்துப் போட்டோம். கிரெடிட் கார்டில் பதினாலாயிரம் வெள்ளி தேய்த்தார்கள். மலேசியாவில் ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நம் கணக்கில் இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பக்கம்.

ஊர் திரும்பியதும் என் மகள் அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். வாடகைக்கு விடுவது பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. ஆனால் பத்து வேலை நாட்களுக்குள் வேண்டாமென்று எழுதினால் முழுப் பணமும் திரும்பும் என்று இருந்தது. அன்றைக்கே வேண்டாமென்று ஈமெயில் அனுப்பினோம். பதில் இல்லை. மறுபடி அனுப்பினோம். பராமரிப்புக் கட்டணம் கட்டச் சொல்லி பில் வந்தது. வங்கியில் கேட்டால், நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள். பிறகு ஒருவன் இங்கிலீஷில் போன் செய்தான். ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிற கம்பெனியாம்; முதலில் முப்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டுமாம். நாங்கள் ஏமாந்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கட்டத் தயாராகிவிட்டார். போனைப் பிடுங்கி வைத்தேன்.

"போனது போகட்டும்ட்டி. வெளிய சொன்னா சிரிப்பாவ," என்றார் அவர்.

போகட்டும் என்று எனக்கு விட முடியவில்லை. கார்டுக்கு வட்டி மாதாமாதம் போனது. தீபாவளிக்கு என்னிடம் தைக்கிற பெண்களுக்குப் போனஸ் பாதிதான் கொடுத்தேன். அதுதான் தாங்கவில்லை. அங்கே நுகர்வோருக்கென்று ஒரு தீர்ப்பாயம் இருப்பதையும், வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம் என்பதையும், கட்டணம் வெறும் ஐந்து வெள்ளி என்பதையும் மகள் தேடிக் கண்டுபிடித்தாள். மனு போட்டோம். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லித் தேதி வந்தது. டிக்கெட்டுக்கு என் வளையல் இரண்டை அடகு வைத்தேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் இட்லி சாப்பிட்டு, திருச்சி வண்டி பிடித்து, மாலையில் விமான நிலையம் சேர்ந்தேன். கோலாலம்பூருக்குப் போக டிக்கெட் எட்டாயிரத்து அறுநூறு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, தன் பெட்டி எடை கூடிவிட்டதென்று கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உம் பெட்டி காலியாத்தான இருக்கு, இதைக் கொஞ்சம் வச்சுக்கம்மா. எந்த ஊரு?"

சங்கரன்கோவில் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடையநல்லூர்க்காரர், பெயர் ரஹ்மத். தம்பி பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பாராம். நான் எதற்குப் போகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

"லாட்ஜெல்லாம் வேண்டாம். எந்தம்பி வீட்டு மாடியில எங்கூடப் படுத்துக்க. நீ கேக்கப் போறது உன் பணம்தான? இன்ஷா அல்லாஹ் கெடைக்கும். நான் துஆ செய்யுதேன்."

புதன்கிழமை காலை கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில். அறுபத்து மூன்று வெள்ளி, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனைத் தோட்டம் முடிகிற மாதிரி முடிந்து மறுபடி தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவளுக்கு, அத்தனை பச்சை ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணில் தங்கவில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கி, ரஹ்மத் அக்காவும் நானும் பினாங்குத் தீவுக்குப் படகு ஏறினோம். இரண்டு வெள்ளி. போன முறை இதே கடலைக் குளிர்சாதன வேனில் பாலத்தின் மேலே தூங்கிக்கொண்டு கடந்திருக்கிறேன். இப்போது காற்று முகத்தில் அடித்தது. எதிரே பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன், பழைய ஓட்டுக் கட்டடங்களும் அவற்றுக்குப் பின்னால் உயரமான அடுக்குமாடிகளுமாகக் கிட்டே வந்தது.

வியாழக்கிழமை விசாரணை இல்லை, வெள்ளிக்கிழமைதான். நான் சும்மா இருக்கவில்லை. ரஹ்மத் அக்காவின் தம்பி பஸ் எண் சொல்லி ஏற்றிவிட்டார். அந்த அலுவலகத்துக்கே போனேன். அதே கண்ணாடிக் கதவு, அதே சோபா. சோபாவில் ஒரு கணவன் மனைவி, கையில் சுரண்டிய அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கட்டியிருந்த சேலையைப் பார்த்ததுமே நம் பக்கம் என்று தெரிந்தது. விருதுநகராம்.

"பரிசு விழுந்திருக்கு, பேச்சு மட்டும் கேட்டாப் போதும்னாங்க," என்றாள்.

"நானும் அப்படித்தாம்மா உள்ள போனேன். பதினாலாயிரம் வெள்ளி. அதைக் கேக்கத்தான் ஊர்லருந்து திரும்ப வந்திருக்கேன். பரிசை வாங்கிக்கோங்க, கையெழுத்து மட்டும் போட்டுராதிய."

அவள் கணவனைப் பார்த்தாள். இருவரும் எழுந்தார்கள். பரிசு கூட வாங்காமல் போய்விட்டார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் உள்ளே ஓடினாள். வந்தது பிரகாஷ். கொஞ்சம் பருத்திருந்தான். என்னை அடையாளம் தெரிந்தது. ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தான்.

"என்னக்கா இது, கஸ்டமர்கிட்ட இப்படிப் பேசலாமா? நாம பேசி முடிச்சுக்கலாம் லா. பாதி தரச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்கிறேன். மீதிக்கு ரூம் பாயிண்ட்ஸ், அதை வச்சு எப்ப வேணும்னாலும் வந்து தங்கிக்கலாம். கேஸை வாபஸ் வாங்கிடுங்க. நாளைக்கு அங்கே எல்லாம் மலாய்லதான் பேசுவாங்க, உங்களுக்குப் புரியாது."

பாதி என்றதும் மனசு ஆடியது உண்மை. கார்டுக் கடனில் பாதி இறங்கும். வெறும் கையோடு ஊருக்குப் போவதை விட மேல். அவன் ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான். அந்தத் தள்ளுதல்தான் என்னை உசுப்பிவிட்டது. போன முறையும் இப்படித்தான் தள்ளினான்.

"இந்த ஊர்ல நான் ஒருக்கக் கையெழுத்துப் போட்டது போதும் தம்பி. நாளைக்கு வாரேன்," என்று எழுந்தேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தீர்ப்பாயம் என்றதும் கூண்டும் கறுப்புக் கோட்டுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சாதாரண அறை, நீள மேசை. தலைவர் முக்காடு போட்ட ஒரு மலாய் அம்மையார். எனக்குத் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்திருந்தார்கள். கம்பெனி சார்பில் ஒரு மேனேஜர். அவர் எழுந்ததும் விசாரணையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கத் தவணை கேட்டார். எங்களிடம் கையெழுத்து வாங்கிய பிரகாஷ் வெளியூரில் இருக்கிறாராம்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா, நான் தையல் தைக்கிறவ. வளையலை அடகு வச்சு வந்திருக்கேன். தவணை குடுத்தா இன்னொரு தடவை வாரதுக்கு எங்கிட்ட வளையல் இல்ல. அவங்க ஆபீஸ் இதே ஊர்லதான் இருக்கு. நேத்து பிரகாஷை அங்கன பார்த்தேன். இன்னைக்கு அவர் ஏன் வரல?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் தவணை இல்லையென்று ஆனது. பிறகு மேனேஜர், ரத்து செய்வதற்கென்று தனிப் படிவம் உண்டு, ஈமெயில் செல்லாது என்றார். தலைவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த ஈமெயில் உங்களுக்கு வந்ததா, இல்லையா? வந்தது என்றார். கெடுவுக்குள் வந்ததா? அவர் தாள்களைப் புரட்டினார். வந்தது என்றார்.

முழுப் பணத்தையும் பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் அது குற்றம் என்று உத்தரவு. மொழிபெயர்ப்பாளர் சொன்னதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். என் பயணச் செலவு அதில் சேராது. கேட்டுப் பார்த்தேன், சட்டத்தில் இடமில்லை என்றார்கள். சரி என்றேன்.

சனிக்கிழமை ரஹ்மத் அக்கா படகுத்துறை வரை வந்தார். "பணம் வந்ததும் எனக்கு ஒரு போன் போடு, தூங்காம இருப்பேன்," என்றார். படகில் கரை விலக விலகப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன முறை இந்த ஊரில் கோயில் மலை, பாம்புக் கோயில், சாக்லேட் கடை எல்லாம் காட்டினார்கள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இந்த முறை பார்த்தது ஒரு சாப்பாட்டுக் கடை மாடி, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு நீள மேசை. ஆனால் பினாங்கைத் தெரியுமா என்று யாராவது கேட்டால் தெரியும் என்று சொல்ல இப்போதுதான் துணிவு வந்திருக்கிறது.

கெடு முடிவதற்கு முதல் நாள் பணம் வந்தது. கார்டுக் கடன் அடைந்தது. வட்டியும் டிக்கெட்டும் போனது போனதுதான். தைக்கிற பெண்களுக்குக் குறைத்த போனஸைக் கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று அவர்களிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு ஊரில் மறைக்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரரே டீக்கடையில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்கிற கதையில் எனக்கு மலாய் கூடப் பேசத் தெரியும்.

போன வாரம் காலை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். ஊரில் பெரிய மனிதர். என் நைட்டிகளை வாங்கி விற்கிறவர். சரக்கு விஷயம் என்று நினைத்தேன். உள்ளே வந்து, மெஷின்களின் சத்தத்துக்கு அடியில் குரலை வைத்துப் பேசினார்.

"துபாய்ல மவனைப் பாக்கப் போனேம்லா, அங்கன ஒரு ஓட்டல்ல இதே மாதிரி ஒண்ணுல கையெழுத்துப் போட்டுட்டேம்மா. மவனுக்குத் தெரியாது. வீட்ல யாருக்குமே தெரியாது."

தைத்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கி வைத்து, அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்னைக்குப் போட்டிய?"