மாமா டியூன் செய்த ஆர்கன்

செங்கம் ரோட்டில், மாமா வீட்டு மாடியறையில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பழைய எலக்ட்ரானிக் ஆர்கனை விட்டுப்போனார். மேசை மாதிரி மரப்பெட்டி, இரண்டு வரிசை வெள்ளைக் கட்டைகள், காலால் மிதிக்க ஒரு பெடல். என்னைவிட வயதில் மூத்தது. எலிகள் அதற்குள் குடும்பமே நடத்தியிருந்தன. அம்மாவுக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போவது மாமா வீட்டுக்குத்தான் என்பதால், அந்தப் பெட்டிக்கு நடந்ததற்கெல்லாம் நானும் ஒரு சாட்சி.

மாமா மைக் செட் வாடகைக்கு விடுபவர். பழுதான எதைப் பார்த்தாலும் “உசுரு இருக்குது” என்பார். கருகிப்போன மிக்ஸியைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார். ஆர்கனைத் திறந்து பார்த்தும் அதையே சொன்னார்.

“மைக் செட்டுக்கு வாக்கப்பட்டேன். இப்ப எலி வளைக்கும் சேத்து வாக்கப்பட்டாச்சு. இத ரிப்பேர் பண்ணி யாரு பாடப் போறாங்களாம்?” என்றாள் அத்தை.

மாமா குனிந்து எலிக்கூட்டை வழித்தெடுக்க ஆரம்பித்தார். எங்கள் தெரு பஜனையில் முதல் குரல் அத்தையுடையதாக இருந்தது. கழுத்தில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் இறங்கிவிட்டது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைப் பிடித்தால் எட்டவில்லை. அதற்குக் கீழ்க் கட்டைக்கு வந்தால் அமுங்கிப்போனது. அவள் குரல் நின்றதோ இரண்டுக்கும் நடுவில். பாதிப் பாட்டில் எழுந்து வந்தவள், அதன்பின் அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை. குக்கர் விசில் மட்டுமே கேட்கும் வீடாக அது ஆகிப்போனது எனக்கே என்னவோபோல் இருந்தது.

மாமா எலி கடித்த ஒயர்களை மாற்றிப் பற்றவைத்தார். கட்டைகளுக்கு அடியில் கறுத்துக் கிடந்த கம்பி முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தார். கொஞ்ச நாள் இருமிவிட்டு, ஆர்கன் ஒரு சாயங்காலம் சத்தம் போட்டது. வெறும் சத்தம்தான், சுருதி இல்லை. உள்ளே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கம்பிச்சுருள், அதன் நடுவே ஒரு திருகு. அதைத் திருப்பினால் அந்தச் சுரம் கீழிருந்து மேல்வரை மொத்தமாக ஏறும், இறங்கும். எதோடு ஒத்துப்பார்த்துத் திருப்புவது என்பதுதான் பாக்கி.

அப்போதுதான் மாமா அந்த விசித்திரத்தைச் செய்தார். வீட்டிலிருந்த சுருதிப் பெட்டியை என் கையில் கொடுத்து, “இத உங்க வூட்ல வெச்சிட்டு வா பாப்பா. அத்த கேட்டா தெரியாதுனு சொல்லு” என்றார். நான் திரும்பி வந்தபோது அவரே அத்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“சுருதிப் பெட்டியக் காணோம். எனக்கோ காது மட்டம். நீ சும்மா ஒரு ஸா புடியேன்.”

“என் கொரலு போச்சுனு உங்களுக்குத் தெரியாதா?”

“உன்ன பாட்டா பாடச் சொன்னேன்? திருகு திருப்ப ஒரு சத்தம் வேணும், அவ்ளோதான். நிக்கிற எடத்துல புடி.”

ரிப்பேர் வேலைதானே என்று அத்தை பிடித்தாள். மாமா திருகினார். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். ஸா சேர்ந்தது, மறுநாள் பா சேர்ந்தது. அரிசி களைந்த கையோடு வந்து நின்று அடுத்த சுரத்தைப் பிடித்துவிட்டுப் போவாள். கடைசித் திருகுக்கு வந்தபோது அத்தை சுரத்தை விட்டுவிட்டு ஒரு பாட்டின் நடுவில் இருந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கக்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவே வீட்டுக்கு வந்தது. மாமா ஆர்கனில் ஸா பிடிக்க, ஆர்மோனியக்காரர் தன் பெட்டியில் அதே கட்டையை அழுத்தினார். இரண்டும் சண்டை போட்டன.

“இன்னாப்பா, உன் பொட்டில சுருதி கம்மியா இருக்குது.”

“உன்னுதுலதான் ஜாஸ்தி” என்றார் மாமா.

ஆர்மோனியக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை ஆர்கனோடு பாட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வரி கேட்டார். மாமாவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆர்மோனியத்தை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு ஜால்ராவை எடுத்துக்கொண்டார். அத்தை அந்தப் பாட்டை முழுதாகப் பாடினாள். அடுத்ததையும் பாடினாள்.

எனக்குத்தான் அவமானமாக இருந்தது. அத்தனை பேர் எதிரில் மாமாவின் வேலை தப்பாகிவிட்டதே. எல்லோரும் போனபின் அவர் காதில் சொன்னேன்: “ஆர்மோனியத்த வெச்சுப் பாத்துத் திரும்ப சரி பண்ணிடலாம் மாமா.”

“வேணாம் பாப்பா. எனக்கு இவ்ளோதான் வரும்.”

ஒரு பெட்டியின் அத்தனை சுரங்களையும் ஒருத்தியின் குரல் நின்ற இடத்துக்கு இறக்கி வைக்கலாம் என்பதும், அது புரிந்த ஒருவர் தன் பெட்டியைப் பேசாமல் மூடிவிடலாம் என்பதும் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. அப்படிப்பட்டவர்கள் நடுவில் வளர்ந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவுக்கு டியூன் செய்ய வராது என்பதுதான். பாவமாக இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அவரும் ரொம்ப நன்றியோடு வாங்கிக்கொண்டார்.