மாடிக் கணினியில் இல்லாத பெயர்

புதுக்கடையில் யார் இறந்தாலும் அவருடைய முகம் ஜான்ரோஸ் மாமாவின் முன்னறையைக் கடந்துதான் சந்திக்குப் போகும். வீட்டு முன்னறைதான் அவர் கடை. ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், சுவரில் சபைக் காலண்டர். ஆதார் அட்டையிலிருந்தோ கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஒரு படத்தை வெட்டியெடுத்து, பின்னால் மேகம் வைத்து, கீழே ஒரு வேத வசனம் போட்டு, முக்கால் மணி நேரத்தில் இரங்கல் போஸ்டரை அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். வசனம் எது என்று இழவு வீட்டார் கேட்டால், "ஆளு எப்பிடி, கோவக்காரரா?" என்று திருப்பிக் கேட்பார்.

இரண்டு வருடம் முன்பு சர்க்கரை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அவர் மாடிக்கு ஏறியதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் மனைவி ராஜபாய் இறந்தபோது, அவளுக்கான போஸ்டரையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரே செய்தார். நான் அப்போது ஊரில் இல்லை. எட்டு வருடம் சுற்றிவிட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. எங்கள் வீடு அவருக்கு அடுத்த வீடு.

ஒரு காலையில் மதிலுக்கு அப்பாலிருந்து விளித்தார்.

"ஏட்டி பெர்லினே, சும்மாதான இருக்க? இங்க வா."

போனேன்.

"உனக்கு ஊருப் பேர வச்சாவளே, அந்த ஊருக்குப் போனியா?"

"அத விட்டு மத்த எடத்துக்கெல்லாம் போனேன் மாமா."

"பின்ன எதுக்கு எட்டு வருசம் சுத்தின? சவத்த விடு, இதக் கொஞ்சம் பாரு."

கைப்பேசியை நீட்டினார். அவர் மகள் பிரீனாவின் செய்தி. நான்கு வருடம் முன்பு மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பையன் லிஜினோடு போனவள். அவர்கள் வேறு சபை, வேறு சாதி. இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். அம்மா இறந்ததைக்கூட யாரோ வாட்ஸாப்பில் வைத்த போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். அப்பாவுக்கு அவள் எழுதிய முதல் செய்தி இது:

"எனக்கு மோள் பிறந்திருக்கு. குடும்ப ஜெபத்தில் அம்மா பாடினதை ரெக்கார்ட் பண்ணி மாடிக் கம்ப்யூட்டரில் என் ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன். அது மட்டும் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்."

"நாலு நாளாச்சு," என்றார் மாமா. "அனுப்பிட்டா ஒருவேள பேசுவா, கேட்டியா? பிள்ளைக்க மொகத்தக் காட்டுவா."

மாடிக் கணினியும் முன்னறைக் கணினியும் வீட்டு வைஃபையில் ஒன்றாக இணைந்தவை. மாமியின் தங்கை ஜிஷா மாடியில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். மாமா நாற்காலியை விட்டு எழாமலே முன்னறையிலிருந்து மாடிக் கணினிக்குள் நுழையப் பார்த்திருக்கிறார். தன் பெயரில் நுழைந்தால் மகளின் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. மகள் பெயரில் போனால் நுழையவே முடியவில்லை. பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது.

"கடவுச்சொல் சரிதானா மாமா?"

"அவளுக்க அம்மைக்க பிறந்தநாளு. நான் மறப்பேனா?"

விடுதிகளில் வைஃபை சரிசெய்து கொடுத்துத்தான் பல ஊர்களில் எனக்குப் படுக்கை கிடைத்தது. இந்த மாதிரிக் கோளாறுகள் எனக்குப் பழக்கம். கணினி தன்னிடம் பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கலாம், அழித்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பயனில்லை. மாடிக்கு ஏறினேன்.

பிரீனாவின் அறையில் கட்டில்மேல் பழைய ஃபிளக்ஸை விரித்துப் போட்டிருந்தார்கள், தூசிக்கு. மாமா சொன்ன எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பயனர் பட்டியலைப் பார்த்தேன். ஜான்ரோஸ் என்ற ஒரு பெயர்தான் இருந்தது.

மாடிப்படியில் நின்று சொன்னேன். "மாமா, பிரீனாக்க பேரே இதுல இல்ல."

"அப்டேட்டுல போயிருக்கும்," என்றார். பிறகு, "இல்லேன்னா திரும்பச் சேத்துடு. அதே பேரு. அதே கடவுச்சொல்லு."

சேர்த்தேன். இறங்கி வருவதற்குள் கீழே அவரே முயன்றுவிட்டார். "கேறிட்டு! கேறிட்டு பிள்ளே!" என்று மேசையைத் தட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிரீனாவின் ஃபோல்டர் திரையில் தெரிந்தது. அழுத்தினார். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

திரும்ப ஏறினேன். ஃபோல்டரின் உரிமையாளர் என்ற இடத்தில் பெயருக்குப் பதில் நீளமான ஓர் எண் கிடந்தது. ஒரு கணக்கை யாராவது கையால் நீக்கினால்தான் அப்படி நிற்கும். கணினிக்கு ஆள் என்பது அந்த எண்தான். பெயர் நாம் பார்ப்பதற்கு. அதே பெயரில் இன்னொருவரைச் சேர்த்தால் அது வேறு ஆள். நான் உரிமையை மாமாவின் பெயருக்கு மாற்றினேன். ஃபோல்டர் திறந்தது. உள்ளே நாற்பத்து மூன்று கோப்புகள். ஒவ்வொன்றிலும் சிறிய பூட்டுப் படம்.

பிரீனா அவற்றை மறைகுறியாக்கிப் பூட்டியிருந்தாள். சாவி அவளுடைய பழைய கணக்குக்குள் இருந்தது. கணக்கு போனபோது அதுவும் போயிற்று; வேறு டிரைவில் இருந்த ஃபோல்டர் மட்டும் மிஞ்சியது. இனி யாராலும் திறக்க முடியாது. பெயர்களை மட்டும் படிக்கலாம். தேதி, பாட்டு, தேதி, பாட்டு. கடைசி ஒன்பதிலும் தேதிக்குப் பிறகு ஒரே பெயர்: "அப்பா எழும்பிப் போன பிறகு அம்மா ஜெபம்."

கீழே வந்து சொன்னேன். ஃபோல்டர் இப்போது அவருடைய திரையிலும் திறந்திருந்தது. கடைசி ஒன்பது பெயர்களை அவர் விரலால் தொட்டு வாசித்தார்.

"நான்தான் அவ பேர இதுலேருந்து எடுத்தேன்," என்றார்.

"எப்போ?"

"அவ போன அன்னைக்கு. போஸ்டர் அடிச்சேன்ல, அன்னைக்கே."

அந்தப் போஸ்டரைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். உயிரோடு இருந்த மகளுக்கு மேகம் வைத்து, இறந்த தேதி போட்டு, சந்தியில் ஒட்டிவிட்டார். இந்தப் பக்கத்தில் கோபம் வந்த தகப்பன்கள் செய்வதுதான். இவர் அதை வெளியில் கொடுக்காமல் தானே செய்தார்.

"ரேசன் கார்டுல பேர வெட்டினேன். சபை லிஸ்டுல வெட்டச் சொன்னேன். அப்பம் இதுலயும் இருக்கப்பிடாதுன்னு மேல ஏறிப் போனேன். கணக்கோட சேத்து எல்லாத்தயும் எடுக்கவான்னு கேட்டுது. ஆமான்னு அமுக்கினேன். ராஜபாய் வாசல்ல நின்னா."

அந்தப் போஸ்டரின் கோப்பு அவருடைய கணினியில் இன்னும் இருந்தது. அவர் அதைத் திறந்து காட்டினார். ஒரு கடவுச்சொல்லும் கேட்கவில்லை. பிரீனா பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இடி விழுந்து கம்ப்யூட்டர் போச்சுன்னு எழுதலாம் மாமா," என்றேன். "மழைக்காலம்தான. நம்புவா."

"நம்புவா," என்றார். கைப்பேசியைத் தானே வாங்கிக்கொண்டார். போஸ்டரில் வசனத்தை அடிக்கிற அதே நிதானத்தோடு அடித்தார். "நான் உன்ன எடுத்தப்போ அதும் போச்சு மக்களே. அம்மைக்க சத்தம் இல்ல. அப்பா." என்னிடம் காட்டாமல் அனுப்பினார். பிறகுதான் காட்டினார்.

செய்திக்குக் கீழே இரண்டு டிக்குகளும் நீலமாயின; அவள் படித்துவிட்டாள். மேலே, அவள் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

மறுநாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து விளித்தார். கைப்பேசியில் பிரீனா பெயருக்குப் பக்கத்தில் நேற்றுவரை பச்சைப் பிள்ளையின் கை ஒன்று படமாக இருந்தது; அது போய்ச் சாம்பல் நிற உருவம் வந்திருந்தது. காலையில் அவர் அனுப்பிய இரண்டு செய்திகளுக்கும் ஒரே ஒரு டிக். ஒருவர் நம்மை பிளாக் செய்தால் அப்படித்தான் நிற்கும்.

"நெட்டு போச்சுன்னு நெனைக்கேன்," என்றார். "ஒண்ணு பாரு பிள்ளே."

ரவுட்டருக்கு முன்னால் குனிந்தேன். நான்கு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயரைக் கழற்றி, துடைத்து, மறுபடி சொருகினேன்.