கட்டில்கள் இடம் மாறிய கோடை

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சோபா. கொல்லிமலையின் ஐப்பசி மழையில் அதன் கைப்பிடியெல்லாம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. என் அண்ணன் மனைவி தரையில் உட்கார்ந்து, வினிகரில் நனைத்த துணியால் அதை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்றுத் துடைத்த இடத்தில் இன்று மறுபடியும் பூத்திருந்தது. நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள் கட்டில்களும் மெத்தைகளும் சாப்பாட்டு மேசைகளும் நிலைக்கண்ணாடிகளும் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து லாரிகள் நின்றுபோயிருந்தன. வீடு பார்க்க யாரும் மேலே வரவில்லை. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, "இதுக்குக் கண்ணு தெரியுமாட்ட இருக்குது அம்மிணி. நாம சோந்து ஒக்காந்தா ஒடனே பூத்துக்குது" என்றார். சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதுதான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள்; அவர் திருப்புலி நாட்டிலிருந்து எங்கள் தேவனூர் நாட்டுக்கு வாழ வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். என் கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தார். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நான் மலைக்குத் திரும்பியபோது, கையில் வேலை இல்லாமல் இருந்த என்னை நங்கைதான் ஒரு வீட்டைப் பெருக்கிக் கழுவும் கூலி வேலைக்குத் தன்னோடு அழைத்துப் போனார். சேலத்து டாக்டர் ஒருவர் ஓய்வுக்காகக் கட்டி, பிறகு விற்றுவிட நினைத்த வீடு அது. இரண்டு கோடைகளாக யார் யாரோ வந்து பார்த்தார்கள். வெறும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, குளிருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோ பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் நங்கை தன் வீட்டுக் கட்டிலை அண்ணனின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் இருந்த மிச்சத் துணியில் திரைச்சீலை தைக்கச் சொன்னார். ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, நடுவில் முக்காலி வைத்து, வந்தவர்கள் கேட் திறக்கும் நேரம் பார்த்துச் சமையலறையில் மிளகு போட்டுக் காப்பி கொதிக்க வைத்தார். வந்த அம்மாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பாக்குமரங்களைப் பார்த்தபடியே காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கே முன்பணம் கைமாறியது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க. ஊடு வெறுமனே கெடந்தா அதுல நாம இருக்கற மாதிரி நெனைக்க முடியாதில்லீங்களா" என்றார் நங்கை.

இப்படித்தான் எங்கள் தொழில் ஆரம்பித்தது. விற்க இருக்கும் வீட்டில் எங்கள் சாமான்களைக் கொண்டுபோய்ப் போட்டு, ஆள் குடியிருப்பதுபோல ஒழுங்கு செய்வோம். வீடு கைமாறும் வரை வீட்டுக்காரர் மாத வாடகை தருவார். பிறகு சாமான்களை எடுத்துக்கொள்வோம். நகரங்களில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டாம். எங்கள் ஊரில் 'ஊடு சோடிக்கிறவங்க' என்றார்கள். டாக்டர் தன் நண்பர்களிடம் சொன்னார். அந்தக் கோடை முழுக்க வேலை கொட்டியது. வந்த காசையெல்லாம் நங்கையும் நானும் கட்டிலாகவும் மேசையாகவும் மாற்றினோம். ராசிபுரத்தில் அந்தக் கத்தரிப்பூ சோபாவைப் பார்த்தபோது, இதில் நாமே உட்கார மாட்டோமா என்று ஆசைப்பட்டு வாங்கினோம். லாரி எழுபது வளைவும் ஏறி மேலே வந்தபோது, பின்னால் சோபாவில் உட்கார்ந்தபடி நாங்கள் வந்ததைப் பார்த்து ரோட்டில் நின்றவர்களெல்லாம் கை காட்டினார்கள்.

கோடை முடிந்ததும் எல்லாம் நின்றது. மழைக்காலத்தில் மலை மேல் வீடு வாங்க யாருக்கும் தோன்றாது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கொட்டகை வாடகை மட்டும் மாதாமாதம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நங்கையின் மரவள்ளிக்கிழங்குக் காசு அதற்கே போனது. என் மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு வடக்கிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது. அண்ணன் கோபக்காரர் இல்லை, ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வித்துப்போட்டு வெள்ளாமையப் பாருங்க. எதுக்கு இந்தப் பொழப்பு?" என்றார். மண் சரிவு சீரான அன்றைக்கே பழைய சாமான் வாங்கும் ஒருவர் கீழேயிருந்து வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் விறகு விலை சொன்னார். போய்த் தொலையட்டும் என்றே நான் நினைத்தேன். நங்கை சோபாவின் மேல் கையை வைத்தார். "ரெண்டு நாள் பொறுத்துச் சொல்றனுங்க" என்றார். அவர் குரல் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை.

அந்த இரண்டு நாளுக்குள் நங்கைக்குக் காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே புதிதாக ஒரு நர்ஸம்மா வந்திருந்தார். சின்ன வயது, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. பின்பக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து மாத்திரை எடுத்து வரப் போனவரின் பின்னாலேயே நங்கையும் போய் எட்டிப் பார்த்துவிட்டார். சிமெண்டுத் தரையில் ஒரு பாய். சூட்கேஸைப் படுக்கப் போட்டு அதன் மேல் தட்டு, டம்ளர். வேறொன்றும் இல்லை.

"ஏனுங்க, இந்தக் குளுருல கீழயா படுக்கறீங்க?"

"என்னக்கா செய்றது. எங்க ஊர்ல இருந்து ஒரு கட்டில் கொண்டு வரணும்னா வண்டி வாடகை கட்டில் விலைய விட அதிகமா இருக்கு. மாத்தலுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இங்க யாரும் நிலைக்கிறதில்லைன்னு சொல்றாங்க, ஏன்னு இப்பத்தான் புரியுது."

காய்ச்சலோடு கொட்டகைக்கு வந்த நங்கை ஒரு கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அண்ணன் ஜீப்பில் ஏற்றினார். இனாமாகக் கொடுக்கத்தான் போனார். எப்படியும் விறகு விலைக்குத்தானே போகப்போகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சாமான்களை அறையில் இறக்கிப் போட்டதும் நான் திரைச்சீலை மாட்டி முடித்தேன். நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, "சும்மா தந்தா எனக்கு வேண்டாம்க்கா. மாசம் இவ்வளவுன்னு சொல்லுங்க, தர்றேன். மத்த ஸ்டாஃபும் கேப்பாங்க" என்றார். நங்கை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் காய்ச்சல் இல்லை.

எங்கள் மலையில் வேலை பார்க்க வரும் அரசு ஊழியர்கள் பெரும்பாலும் கீழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பள்ளிக்கூட டீச்சர்கள், ஆபீஸ்காரர்கள், எல்லாரும் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எப்போது மாறுதல் வரும் என்று தெரியாது. எதையும் வாங்கவும் மாட்டார்கள். ஒவ்வொருவராக மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ள, மழை ஓய்வதற்குள் எங்கள் கொட்டகை காலியானது. பழைய சாமான்காரர் மறுபடி வந்தபோது உள்ளே ஒரு துடைப்பமும் அந்தச் சோபாவும் மட்டும் இருந்தன. "எங்கம்மா எல்லாம்?" என்று கேட்டார். "வேலைக்குப் போயிருக்குதுங்க" என்றார் நங்கை. கொட்டகையையும் விட்டுவிட்டோம். சோபா எங்கள் வீட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் நங்கை ஒரு முடிவு சொன்னார். இனிமேல் எந்த மாதம் எவ்வளவு வந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே சம்பளம்தான் எடுத்துக்கொள்வது. மிச்சமெல்லாம் போஸ்ட் ஆபீஸில் கிடக்கட்டும். கோடையில் நல்ல வேலை வந்தால்கூடவா என்று நான் சண்டைக்குப் போனேன். "சித்திர மாசத்து வவுறும் ஐப்பசி மாசத்து வவுறும் ஒரே வவுறுதான கண்ணு" என்றார். அதற்கு மேல் அவரோடு பேச முடியாது.

அடுத்த கோடை நெருங்கும்போது ஈரோட்டுக்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். வாசலூர்பட்டி ஏரிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டி முடித்திருந்தார். மே மாதம் ஆட்கள் பார்க்க வருவார்கள், அத்தனையையும் சோடித்துத் தர வேண்டும் என்றார். எங்களுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. ஆனால் எங்கள் கட்டில்கள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் படுத்திருந்தார். நங்கை அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "எடுத்துட்டு வந்துருங்கம்மா. டீச்சருங்க ஒரு மாசம் பாயில படுத்துக்க மாட்டாங்களா? முடியாதுன்னா சொல்லுங்க, சேலத்துல ஆள் இருக்குது."

"மழைல எங்களுக்குச் சோறு போட்டவங்களுங்க. அவங்க படுத்திருக்கையில கட்டில உருவ மாட்டனுங்க" என்றார் நங்கை. ஈரோட்டுக்காரர் கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பி, கொஞ்ச தூரம் போயும் விட்டது. நங்கை என் மகளைப் பார்த்து, "கண்ணு, உனக்குப் பரீச்சை என்னைக்கு முடியுது?" என்று கேட்டார். அவள் சொல்லி முடிப்பதற்குள் முந்தானையைச் செருகிக்கொண்டு ரோட்டில் ஓடினார். "ஏனுங்க! நில்லுங்க! ஏனுங்க!" மூச்சு வாங்கக் காரைப் பிடித்துவிட்டார்.

பரீச்சை முடிந்தால் பள்ளிக்கூடம் லீவு. லீவு விட்டால் டீச்சர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் இல்லாத அந்த நாட்களில்தான் மலைக்கு வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது மழை தொடங்கி, வீடு பார்க்கிறவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவு நாள் எங்கள் கண்முன்னாலேயே இருந்த விஷயம். நங்கை ஒவ்வொரு டீச்சர் வீட்டுக்கும் நேரில் போனார். "லீவுக்குப் போறப்ப கட்டில எடுத்துக்கட்டுங்களா? திறக்கற அன்னைக்கு இருந்த எடத்துல இருக்கும். அந்த மாசத்துக்கு வாடகை வேண்டாமுங்க" என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. படுக்காத மாதத்துக்குக் கட்டில் வாடகை தர வேண்டாம் என்பதில் அவர்களுக்குத்தான் அதிக சந்தோஷம். நர்ஸம்மாவுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் லீவு கிடையாது. அவர்கள் கட்டில்களை நாங்கள் கேட்கவில்லை.

அதனால் கடைசி வீட்டுக்குக் கட்டில் இல்லாமல் போனது. நங்கை அசரவில்லை. ஏரி தெரியும் ஜன்னலுக்குக் கீழே தரையிலேயே மெத்தையை விரித்து, நான் தைத்த தலையணைகளை அடுக்கி, எங்கள் வீட்டிலிருந்து கத்தரிப்பூ சோபாவைக் கொண்டுவந்து எதிரே போட்டார். ஈரோட்டுக்காரர் முகம் சுளித்தார். முதலில் விலைபோனது அந்த வீடுதான். வாங்கியவர்கள் சோபாவையும் சேர்த்துக் கேட்டார்கள். நாங்கள் வாங்கிய விலைக்கும் மேலாகவே நங்கை சொன்னார், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். மழைக்கு முன்னால் பெரும்பாலான வீடுகள் கைமாறிவிட்டன. மிச்ச வீடுகளுக்காகச் சாமான்களை இன்னும் சில வாரம் விட்டு வைக்கும்படி ஈரோட்டுக்காரர் கேட்டார், இரட்டிப்பாகத் தருகிறேன் என்றார். இந்த முறை அவர் குரலில்தான் பணிவு இருந்தது. "டீச்சருங்க வாராங்களுங்க. அடுத்த வருசம் சித்திரையில வாரோம்" என்றார் நங்கை.

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. சித்திரையில் கட்டில்கள் ஏரிப் பக்கம் போகும்; பள்ளி திறப்பதற்குள் திரும்பி வரும். ஜீப் போதாமல் சின்ன லாரி வாங்கியிருக்கிறோம். அண்ணன்தான் ஓட்டுகிறார், அவருக்கும் மாதச் சம்பளம்தான். நர்ஸம்மா மாறுதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மழை மாதத்திலும் என் கையில் அதே தொகை வரும்போது, அந்த ஒரே தொகையில் எத்தனை நிம்மதி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நங்கை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது கட்டில்கள் முதன்முதலாக ஏரிப் பக்கம் போய்த் திரும்பிய அந்தக் கோடையின் முடிவுதான். கடைசிக் கட்டிலை டீச்சர் அறையில் இறக்கி, புது விரிப்பு போட்டுவிட்டு வெளியே வந்ததும், "நாளைக்கு நமக்கு லீவு அம்மிணி" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறுநாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, என்னையும் என் மகளையும் வாசலூர்பட்டிக்குக் கூட்டிப் போனார். வாரக்கணக்கில் அந்த ஏரியைச் சுற்றிச் சாமான் சுமந்திருந்தோம். படகில் ஒருநாளும் ஏறியதில்லை. டிக்கெட் எடுத்து, மிதித்துப் போகும் படகில் மூவரும் உட்கார்ந்தோம். பாதி தூரம் போவதற்குள் தூறல் போட்டது. கரையிலிருந்து படகுக்காரர் கையை ஆட்டிக் கத்தினார்: "ஏனுங்க! மழை வருதுங்க, திரும்புங்க!"

"நேரம் முடியட்டும், வாரோமுங்க!" என்று நங்கை திருப்பிக் கத்தினார். பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "மிதி அம்மிணி, நடு ஏரிக்குப் போலாம்" என்றார். நனைய நனைய மிதித்தோம்.