பேப்பரைத் தொடாத காலைகள்

கொட்டாரம் சந்திப்பில் இருந்த டீக்கடையில் எங்கள் எம்.எல்.ஏ. பேப்பரைத் தொடவில்லை என்றால், அரசாங்கத்திலிருந்து ஏதோ புது அறிவிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். பதினைந்து வருஷம் நான் அவருடைய உதவியாளனாக இருந்தேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, ஏக்கமும் வருகிறது.

அப்போதெல்லாம் அமைச்சர் அறிவிப்பதற்கு முந்தின நாளே சென்னையிலிருந்து அவருக்கு ஒரு போன் வரும். தொகுதிக்கு இன்னது வருகிறது, பத்திரிகைக்குப் போகும்வரை வெளியே விட வேண்டாம் என்பார்கள். மனுஷன் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடமாட்டார். ஆனால் தினமும் ஒரு வரி விடாமல் பேப்பர் படிக்கிறவர், மறுநாள் காலை அதை மடிப்புக் கலையாமல் தள்ளி வைத்துவிட்டு டீயை மட்டும் குடிப்பார். நமக்குத் தெரியாததா இதில் இருக்கப்போகிறது என்ற மிதப்பு. கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். வாயைப் பூட்டத் தெரிந்தவருக்கு இந்த மிதப்பைப் பூட்டத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு அந்தப் போன்கள் நின்றுபோயின. செய்தி முதலில் டிவிக்குப் போனது, அப்புறம் ஊருக்கு, கடைசியில்தான் எங்களுக்கு.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு வேண்டுமென்று அவர் மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போயிருந்தார். ஒருநாள் விடிந்ததும் செல்போனைப் பார்க்கிறேன், வார்டு அறிவித்துவிட்டார்கள். அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் நாலு பேர் கேட்டு, அவர் திருதிருவென்று விழித்தால் மானம் என்னாவது? உடனே அவரைக் கூப்பிட்டேன். நேற்றே சென்னையிலிருந்து பேசினார்கள், உங்கள் லைன் கிடைக்கவில்லையாம், நான்தான் சொல்ல மறந்துவிட்டேன் என்று கூசாமல் புளுகினேன்.

கடைக்கு வந்தார். பேப்பரைத் தள்ளி வைத்தார். அண்ணாச்சிக்கு முன்னமே தெரியும் என்று கடைக்காரர் எல்லாரிடமும் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காரில் ஏறியதும் மெதுவாகச் சொன்னார்: "நீ கூப்பிடதுக்கு முன்னாடியே பேத்தி போன்ல காட்டிட்டா டே. வார்டு வந்திட்டு, அது போதும். ஆனாலும் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவர் பதவியில் இல்லை. இந்தப் பக்கம் ஒரு ரோடோ பாலமோ அறிவித்தால் நான் அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். அதற்குள் ஊரில் எல்லார் செல்போனிலும் அது வந்திருக்கும்.

"அண்ணாச்சி, இன்னும் யாருக்கும் தெரியாது" என்பேன்.

"செரி டே, நான் யாருட்டயும் சொல்லல்ல" என்பார்.