கதவடச்சான் வீட்டுக் கல்யாணம்

எங்கள் வீட்டுக்குக் கதவடச்சான் ஊடு என்று பெயர். நாமக்கல் பக்கத்து ஊர்களில் ஆளைப் பிரித்துச் சொல்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மற்றவர்களுக்கு மேட்டுக்காட்டார், பெரிய கிணத்தார் என்று கௌரவமாக வாய்த்தது. எங்களுக்கு இது.

காரணம் என் தாத்தாவின் அப்பா. ஊருக்குள் முதல்முதலாக மோட்டார் பஸ் வந்தபோது ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. பஸ் ஹாரன் அடித்ததும் அவர் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார். மாமியார் வெளியே நின்றது அவருக்கு நினைவில்லை. மாமியாருக்குச் சாகும்வரை நினைவிருந்தது. பெயர் வைத்ததே அந்த அம்மாள்தான் என்பது என் சந்தேகம்.

இந்தப் பெயருக்கு உலகத்திலேயே மூன்று குடும்பங்கள்தான். மோகனூருக்குக் கரும்பு போடப் போன பெரியப்பா வீட்டில் பெண்களாகப் பிறந்து, கட்டிக்கொடுத்த இடத்துப் பெயருக்கு மாறிவிட்டார்கள். தம்மம்பட்டிக்குப் போன சித்தப்பா, அங்கே கேட்பாரில்லை என்று பெயரை ஓசையில்லாமல் கைகழுவிவிட்டார். மிச்சம் நானும் என் மகனும். என்னோடு ஒழியட்டும் என்றுதான் நானும் இருந்தேன். குக்கர் விசிலுக்கே எழுந்து நிற்கிறவனுக்கு இப்படியொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படிப் பிழைப்பது?

ஒழியவிடாமல் செய்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். என் கல்யாணத்தன்று நான் வேட்டி மாற்ற அறைக்குள் போனதும், மண்டபமே கேட்க, "மாப்ள தாழ் போட்டுட்டாருங்களா?" என்று கத்தினார். அன்றிலிருந்து இழவு வீட்டில்கூட விடவில்லை. "வழி உடுங்கப்பா, கதவடச்சான் வாராரு!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே ஒவ்வொன்றையும் ஊறுகாய் போட்டு வைத்தேன்.

அப்புறம் கடவுள் கண் திறந்தார். சேலத்தில் படித்த காலத்தில் அவருடைய ஒரே மகளும் என் மகனும் தாங்களே கல்யாணத்தை முடிவு செய்துவிட்டார்கள். மச்சான் வீட்டுக்கு வந்தார். முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க மாப்ள, பத்திரிகையில அந்த ஊட்டுப் பேரு மட்டும் வேண்டாமுங்க. என்ற சொந்தக்காரங்க, தொழில்காரங்கெல்லாம் பாப்பாங்க."

"எந்தப் பேருங்க மச்சான்?"

"அதானுங்க..."

"சொன்னாத்தானுங்க தெரியும்."

இத்தனை வருஷம் மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கச் சொன்ன பெயரை, அன்று அவர் வாயால் சொல்ல முடியவில்லை. பத்திரிகையில் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். போடவும் இல்லை. ஃப்ளெக்ஸைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லையே.

மருமகளாக வரப்போகிறவளிடம் மட்டும் சொன்னேன். வேண்டாம் என்பாள் என்று பாதி பயம், பாதி ஆசை. "எழுத்தப் பெருசாப் போடுங்க மாமா. அப்பா போட்டோ நாந்தாரேன்" என்றாள். அவளும் அவர் வாய்க்குத் தப்பி வளர்ந்தவள் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மச்சான் பட்டறைக்கு நேர் எதிரே ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'கதவடச்சான் வீட்டுத் திருமணம்.' கீழே மச்சான், ஆளுயரத்துக்கு, இரு கையும் கூப்பிச் சிரித்தபடி. 'வருக வருக என வரவேற்கும் பெண்ணின் தகப்பனார்.'

அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து டீக்கடையில் காத்திருந்தேன். புல்லட் வந்தது. நின்றது. மச்சான் அண்ணாந்து படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, இத்தனை வருஷக் கணக்கையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதாகத்தான் திட்டம். அவர் சாலையைக் கடந்து வரவும், என் கை தானாகக் கடை ஷட்டரை இழுத்துத் தரையோடு சாத்திவிட்டது.

வெளியே ஷட்டர் அதிர்ந்தது. "மாப்ள! கதவத் தொறங்க! மானம் போகுது, தொறங்க!"

"போனாப் போகுதுங்க மச்சான்," என்று இருட்டுக்குள்ளிருந்து கத்தினேன். "இனி உங்க பேரனுக்கும் இதே பேருதானுங்க!"

வெளியே பட்டறை ஆட்கள் சிரிப்பது கேட்டது. இந்தத் தடவை அவரைப் பார்த்து. பாதி டம்ளரோடு உள்ளே மாட்டிக்கொண்ட டீக்கடைக்காரர் கேட்டார், "ஏனுங்க, தொறந்தரலாங்களா?"

"இருங்க," என்றேன். "இன்னுங் கொஞ்சம் கத்தட்டும்."