என் கல்யாணப் புடவையைச் சுற்றியிருந்த பேப்பர்

என் வீட்டுக்காரர் சிட்டிபாபுவுக்கு வேலை ஏனாத்தூரில் வாட்ச்மேன். பைத்தியம், பழைய பேப்பர்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவையைப் பழைய பேப்பரில்தான் சுற்றி வைப்பார்கள். புதுப் பேப்பரின் மை சரிகையில் ஒட்டும், பழசின் மை ஒட்டாது. அதனால் இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பேப்பர்கூட இங்கே பெட்டிகளில் பத்திரமாக இருக்கிறது. இவர் சைக்கிளில் வீடு வீடாகப் போய், வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வருவார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மெட்ராஸ் ஜனம் காஞ்சிபுரத்துக்கு ஓடிவந்தது, ஒரே வீட்டில் நாலு குடும்பம் அடைந்தது, எல்லாம் அவர் படித்துக் காட்டியே எனக்கு மனப்பாடம். சோறு போட உட்கார்ந்தால் அங்கேயும் ஜப்பான்காரன்தான்!

ஆனால் அவர் தேடியது ஒரே ஒரு பெயரை. அவருடைய தாத்தா வீரபத்திரன், தாமல்காரர். அந்த யுத்தத்தில் பர்மா எல்லையில் ரோடு போட ஒரு காண்ட்ராக்டரோடு போனவர் திரும்பவேயில்லை. அங்கே எவளோடோ குடித்தனம் பண்ணுகிறார் என்று ஊர் பேசியது. தாமலில் இன்றைக்கும் இவர்கள் வீட்டுக்குப் பெயர் 'ஓடிப்போனவன் வீடு'. என் மாமனார் அதைக் கேட்டுக் கேட்டே செத்தார்.

பதினோரு வருஷத் தேடலில் ஒரு பெட்டியை மட்டும் இவர் தொடவில்லை. என்னுடையது. அம்மா வேலை செய்த நெசவாளர் வீட்டில் கொடுத்த கல்யாணப் புடவை அதில் இருக்கிறது. "என் பொட்டியில கை வெச்சா நடக்கறதே வேற" என்று ஒருதரம் கத்தினேன். மனுஷர் அதோடு விட்டுவிட்டார்.

பட்டை வருஷத்துக்கொருமுறை மடிப்பு மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுவிடும். போன தை மாதம் மாற்றும்போது பேப்பர் ஓரம் கிழிந்ததால், அதுவரை படித்தே பார்க்காத உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். 'தாமல்' என்று கண்ணில் பட்டது. பர்மா எல்லையில் குண்டு விழுந்து மாண்ட கூலிகள், ஏழு பேர். மூன்றாவது, தாமல் வீரபத்திரன்.

புடவையைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"தாத்தா ஓடலைமா" என்று சொல்லி ஓவென்று அழுதார்.

"பொட்டியிலயே வெச்சிக்கினு உங்கள ஊரெல்லாம் சுத்த வுட்டேனே, திட்டுங்க என்னை."

"அட, நீ வெச்சதாலதான் இன்னிக்கி இருக்குது" என்றார். பிறகு, எல்லா வீட்டிலும் செய்வதுபோல வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அவரோடு தாமல் போனேன். டீக்கடையில் நின்று அந்தப் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், "இவரு எந்த வூட்டு ஆளுபா?" என்று கேட்டார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் சொன்னார்: "வீரபத்திரன் வூடு."